லொயோலாவில் ஒரு நோய்ப்படுக்கை

பங்கு இல்லத்தின் கதவைத் தட்டி, "சாமி, ஒரு நன்றிப் பூசை வைக்க வேண்டும்" என்று கேட்டு வருவோர் பலர். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது; தையல் பிரித்தாயிற்று; வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியாயிற்று; ஆகவே ஆண்டவருக்கு நன்றி செலுத்த வேண்டும் என்பார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர்களோ, குணமான உறுப்பின் வடிவத்தை வெள்ளியில் செய்து அன்னையின் திருமுன் வைத்து வருகிறார்கள். கண் குணமானால் வெள்ளிக் கண். கால் குணமானால் வெள்ளிக் கால். எளிய மக்களின் இந்த நன்றியுணர்வை நாம் ஒருபோதும் குறைத்து மதித்ததில்லை.

ஆயினும் ஒரு கேள்வி நெடுநாளாக நம்மைத் தொடர்ந்து வருகிறது. உடல் குணமானதும் நன்றி தானாகப் பிறந்துவிடுகிறதா? முழுக் குணம் கிட்டாதவர் எந்த உறுப்பை வெள்ளியில் வார்த்துக் கொண்டுவருவார்? அறுவைக்குப் பின் படுத்த படுக்கையில், செபமாலை கையிலிருந்தும் செபம் வராமல் நாள்களைத் தள்ளும் ஒருவரிடம், "கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள்" என்று நாம் சொல்வது அவருக்கு ஆறுதலா, அல்லது இன்னொரு சுமையா? நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசென்ற வேளைகளில் இச்சொல்லை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். நாமே அறுவை செய்துகொண்டு படுத்திருந்த வாரங்களில்தான் அதன் கனம் நமக்குப் புரிந்தது. திருப்புகழ்மாலை நூலைத் திறப்போம். ஒரு திருப்பாடல் முடிவதற்குள் மனம் தையல் போட்ட இடத்துக்குத் திரும்பிவிடும். அந்நாள்களில் நமக்குத் துணைநின்றது, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய இன்னொரு நோய்ப்படுக்கையின் வரலாறு. முன்பே படித்ததுதான், குருமடத்தில் தேர்வும் எழுதியதுதான். ஆனால் படுத்துக்கொண்டு படித்தபோது அது வேறு வரலாறாகத் தெரிந்தது.

லொயோலா என்னும் பெயர் நம்மில் பலருக்குச் சென்னையில் 1925ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கல்லூரியின் பெயராகவே அறிமுகம். உண்மையில் அது ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில், பாஸ்க் மக்கள் வாழும் மலைநாட்டில், அஸ்பெய்த்தியா என்னும் ஊருக்கு அருகிலுள்ள ஒரு கோட்டை வீட்டின் பெயர். 1491ஆம் ஆண்டு அவ்வீட்டில் பிறந்த இனிகோ என்பவரையே நாம் இன்று புனித இஞ்ஞாசியார் என வணங்குகிறோம். பிரபுக்களின் அரண்மனையில் வளர்ந்தவர். வாளும் உடையும் புகழும் பெரிதென்று எண்ணியவர். வீரக் கதைகளில் திளைத்தவர். தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில், 1553 முதல் 1555 வரை, லூயிஸ் கொன்சால்வெஸ் தெ காமரா என்னும் குருவிடம் அவர் தம் வரலாற்றை வாய்மொழியாகச் சொன்னார். தம்மை 'நான்' என்று குறிப்பிடாமல், 'திருப்பயணி' என்று வேறொருவரைப் பற்றிச் சொல்வதுபோலவே சொல்லிச்செல்கிறார். அதனால்தானோ என்னவோ, தம் குறைகளை மறைக்காமல் சொல்ல அவரால் முடிந்தது.

1521ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள். நவார்ரா நாட்டின் தலைநகராகிய பம்ப்ளோனாவின் கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியது. கோட்டையைக் காக்க இயலாது, சரணடைவதே நன்று என மற்றவர்கள் கருதியபோது, போரிட்டே தீர வேண்டும் என்று வற்புறுத்தியவர் இனிகோ. பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய இரு கால்களுக்கிடையே பாய்ந்தது. வலக்கால் எலும்பு நொறுங்கியது, இடக்காலிலும் காயம். அவர் வீழ்ந்ததும் கோட்டையும் பணிந்தது. வென்ற பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் பண்புடன் நடத்தினர். அவர்களுடைய மருத்துவர்களே எலும்பைச் சேர்த்துக் கட்டினர். பன்னிரண்டு, பதினைந்து நாள்களுக்குப் பின் ஒரு தூக்குப் படுக்கையில் கிடத்தி, மலைப்பாதை வழியே லொயோலாவுக்கு அனுப்பிவைத்தனர்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது துன்பம் தொடங்கியது. முதலில் சரியாகப் பொருத்தப்படாததாலோ, வழிப்பயணத்தில் குலுங்கியதாலோ, எலும்புகள் இடம் பெயர்ந்திருந்தன. மீண்டும் உடைத்துப் பொருத்த வேண்டும் என்று மருத்துவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். மயக்க மருந்து என்பதே இல்லாத காலம் அது. ஈதர் ஆவியால் நோயாளியை உறங்கச் செய்து அறுவை செய்யும் முறை பாஸ்டன் நகர மருத்துவமனையில் பலர் முன்னிலையில் செய்துகாட்டப்பட்டது 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்றுதான். அதற்கு முந்நூற்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், விழித்த கண்களோடு, உணர்வு முழுவதும் இருக்க, இனிகோ தம் எலும்பு உடைபடுவதைத் தாங்கினார். பிற்காலத்தில் அதைக் 'கசாப்பு வேலை' என்னும் பொருள்படும் சொல்லால் அவரே குறிப்பிட்டார். ஆனால் அப்போது வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. கை முட்டிகளை இறுக்கிக்கொண்டதைத் தவிர வலியின் அடையாளம் எதையும் காட்டவுமில்லை.

அது வீரம், ஐயமில்லை. ஆனால் அது நம்பிக்கை அன்று. பிறர் பார்க்கத் தாங்கும் வலியும் இறைவனிடம் ஒப்படைத்துவிட்ட வலியும் வெளியே ஒன்றுபோலவே தோன்றும். மருத்துவமனையில் முனகாமல் கிடப்பவரைப் பார்த்து, "எவ்வளவு விசுவாசம் பாருங்கள்" என்று நாம் அவசரப்பட்டு வியந்துவிடுகிறோம். உள்ளே நடப்பதை இறைவன் ஒருவரே அறிவார்.

அறுவைக்குப் பின் அவர் நிலை மோசமாகியது. உணவு இறங்கவில்லை. சாவின் அறிகுறிகள் தோன்றின. ஜூன் 24, திருமுழுக்கு யோவான் திருநாளன்று, பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளும்படி அறிவுரை கூறினர். அவரும் கடைசி அருள்சாதனங்களைப் பெற்றுக்கொண்டார். புனிதர்கள் பேதுரு, பவுல் திருநாளுக்கு முந்திய இரவில், நள்ளிரவுக்குள் மாற்றம் தெரியாவிட்டால் பிழைக்கமாட்டார் என்று மருத்துவர்கள் கைவிட்டனர். அவரோ பேதுருவிடம் பற்றுடையவர். அதே நள்ளிரவில் உடல்நிலை திரும்பியது. சில நாள்களில் ஆபத்து நீங்கியது.

இவ்விடத்தில் நாம் எதிர்பார்ப்பது என்ன? சாவின் வாயிலிலிருந்து மீண்டவர் கண்ணீர் மல்க எழுந்திருப்பார், தம் வாழ்வை ஆண்டவருக்கு அர்ப்பணித்திருப்பார் என்றுதானே? நம் பங்கில் இத்தகைய நிகழ்ச்சி நடந்திருந்தால் ஊரே திரண்டு தேர் இழுத்திருக்கும். லொயோலாவில் நடந்ததோ வேறு. எலும்புகள் கூடியபோது, முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு மற்றொன்றின்மேல் ஏறி நின்றது. கால் குறுகிவிட்டது, எலும்பு புடைத்து அழகைக் கெடுத்தது. அக்காலப் பிரபுக்கள் அணியும் இறுக்கமான உயர்ந்த காலணி அதன்மேல் ஏறாது. அதை வெட்டியெடுக்க முடியுமா என்று இனிகோ கேட்டார். முடியும், ஆனால் இதுவரை பட்டதையெல்லாம் மிஞ்சும் வலியாக இருக்கும் என்றனர். அப்படியொரு வலியைத் தாங்கத் தமக்கே துணிவு வராது என்று அண்ணன் திகைத்து நின்றார். தம்பியோ இசைந்தார். தம் சொந்த விருப்பத்திற்காகத் தாமே வேதசாட்சியாகத் துணிந்ததாக, முதுமையில் தம்மைத் தாமே எள்ளி நகைக்கிறார் இஞ்ஞாசியார். தசையை அறுத்து, புடைத்த எலும்பை வெட்டி, காலை நீளச் செய்வதற்காகக் கருவிகளால் பல நாள் இழுத்துக் கட்டினார்கள். அவ்வளவும் ஒரு காலணிக்காக!

இந்தப் பகுதியைப் படித்தபோது நமக்கு வெட்கம் பிறந்தது. ஆறுதலும் பிறந்தது. நள்ளிரவில் உயிர்ப்பிச்சை பெற்ற ஒரு புனிதரே அடுத்த சில வாரங்களில் அழகைத்தான் தேடினார் என்றால், தையல் பிரித்த மறுநாளே பழைய கவலைகளுக்கும் பழைய கோபங்களுக்கும் திரும்பிவிடும் நம்மை என்னென்பது! லூக்கா நற்செய்தியில் தொழுநோய் நீங்கிய பத்துப் பேருள் ஒருவரே திரும்பி வந்தார். மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்கள் அல்லர், குணமானவர்கள், அவ்வளவுதான். குணம் பெறுவது ஒன்று. திரும்பி வருவது வேறொன்று. இடையிலே ஒரு வழி இருக்கிறது. அதை ஒவ்வொருவரும் நடந்தே கடக்க வேண்டும்.

இனிகோ அவ்வழியில் முதல் அடி வைத்தது கட்டிலில் கிடந்தபடியேதான். வலி தணிந்துவிட்டது, உடலில் வேறு நோய் இல்லை, ஆனால் காலை ஊன்ற இயலாது. செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. பொழுதுபோக்க வீரக் கதைகளைக் கேட்டார். அந்த வீட்டில் அப்படி ஒரு நூலும் அகப்படவில்லை. அகப்பட்டவை இரண்டு: சாக்சனி லுடோல்ப் என்னும் கார்த்தூசிய சபைத் துறவி எழுதிய 'கிறிஸ்துவின் வாழ்வு'; தொமினிக்கன் சபையைச் சேர்ந்த யாக்கோபுஸ் தெ வொராஜினே தொகுத்த புனிதர் வரலாறுகளின் ஸ்பானிய வடிவம். பின்னதற்கு 'புளோஸ் சாங்க்தோரும்', அதாவது 'புனிதர்களின் மலர்' என்று பெயர். அந்நூல்கள் அண்ணியார் மக்தலேனாவுக்கு உரியவை என்பது வழிவழி வரும் செய்தி.

வேறு வழியின்றிப் படிக்கத் தொடங்கியவர், இடையிடையே நூலை மூடிவைத்து எண்ணத்தில் ஆழ்வார். சில வேளைகளில் தாம் விரும்பிய ஓர் உயர்குலப் பெண்மணியை நினைத்து, அவர் முன் என்ன பேசுவது, என்ன சாகசம் புரிவது என்று இரண்டு, மூன்று, நான்கு மணி நேரம்கூடக் கற்பனை செய்வார். வேறு சில வேளைகளில், "பிரான்சிஸ் செய்ததை, தொமினிக் செய்ததை நானும் செய்தால் என்ன?" என்று எண்ணுவார். இரண்டும் எண்ணும்போது இனித்தன. ஆனால் எண்ணி முடித்தபின் முன்னது மனத்தை வறண்டதாகவும் நிறைவற்றதாகவும் விட்டுச் சென்றது. பின்னது மகிழ்ச்சியையும் அமைதியையும் விட்டுச் சென்றது. நெடுநாள் அவர் இதைக் கவனிக்கவேயில்லை. ஒருநாள் கண்கள் சற்றே திறந்தன. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று வியந்தார். திருச்சபையின் ஆன்மிக வரலாற்றில் 'தெளிந்து தேர்தல்' என்று நாம் போற்றும் பெருஞ்செல்வத்தின் தொடக்கம் இதுவே. நடக்க இயலாத ஒரு மனிதர், வேறு வேலை இல்லாமல், தம் உள்ளத்தில் எது எஞ்சுகிறது என்று பார்த்தார்.

நன்றியுணர்வும் அந்தக் கவனித்தலிலிருந்தே அவருக்குள் ஊறியது. நூல்களில் பிடித்த பகுதிகளைத் தாளில் எடுத்தெழுதத் தொடங்கினார். கிறிஸ்துவின் சொற்கள் சிவப்பு மையில். அன்னை மரியாவின் சொற்கள் நீல மையில். ஏறத்தாழ முந்நூறு தாள்கள் நிரம்பின. இரவு வேளைகளில் வானத்தையும் விண்மீன்களையும் நெடுநேரம் நோக்கியிருப்பார்; அதில் அவருக்குப் பெரும் ஆறுதல் கிடைத்தது. அந்த வானமும் விண்மீன்களும் முன்பும் அங்கேதான் இருந்தன. பார்ப்பதற்கு நேரமும் கண்ணும் இப்போதுதான் வாய்த்தன. நோய்ப்படுக்கையில் சன்னலுக்கு வெளியே ஒரு வேப்பங்கிளையைப் பல நாள் பார்த்துக் கிடந்தவர்களுக்கு இது விளங்கும். தண்ணீர் கொண்டுவந்து தலையைத் தாங்கிப் பிடிக்கும் கை, இரவில் தூங்காமல் அருகிலிருக்கும் மனைவி அல்லது மகன், பெயர் தெரியாத செவிலி: இவையெல்லாம் கொடை என்று நாம் முதன்முதலில் காண்பது பல வேளை அங்கேதான்.

1522ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இஞ்ஞாசியார் லொயோலாவை விட்டுப் புறப்பட்டார். மொன்செராத் மலையிலுள்ள அன்னையின் திருத்தலத்துக்குச் செல்லும் வழியில் சாக்குத் துணியில் ஒரு நீண்ட அங்கி, ஒரு கைத்தடி, ஒரு சோடி நார்ச் செருப்பு ஆகியவற்றை வாங்கினார். செருப்பில் ஒன்றையே அணிந்தார். கட்டுப் போட்டிருந்த அந்தக் கால் இரவுதோறும் வீங்கியதால் அதற்கு மட்டும் செருப்புத் தேவைப்பட்டது. அழகிய காலணிக்காக எந்தக் காலை அறுக்கச் சொன்னாரோ, அந்தக் காலுக்கு இறுதியில் கிடைத்தது நார்ச் செருப்பு. மார்ச் 24ஆம் நாள் இரவு தம் உயர்ந்த உடையை ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டு, அன்னையின் பீடத்தின் முன் விழித்திருந்து, வாளையும் குறுவாளையும் அங்கே விட்டுச் சென்றார்.

கால் முழுவதும் சீராகவில்லை. வாழ்நாள் முழுவதும் இலேசாகச் சாய்ந்தே நடந்தார். இறைத்தூதரோடு இரவெல்லாம் போராடிய யாக்கோபு, விடிந்ததும் ஆசி பெற்றார், நொண்டியும் நடந்தார். ஆசியும் ஊனமும் ஒரே இரவில் வந்தவை என்பதை விவிலியம் மறைப்பதில்லை. இஞ்ஞாசியாரின் பிற்காலமும் நலமானதாக இல்லை. வயிற்று வலி அவரை ஆண்டுக்கணக்கில் வாட்டியது. 1556ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று அவர் இறந்தபின் உடலை ஆய்ந்த ரெயால்தோ கொலம்போ என்னும் உடற்கூற்று மருத்துவர், சிறுநீரகத்திலும் நுரையீரலிலும் கல்லீரலிலும் கற்கள் இருக்கக் கண்டதாக எழுதிவைத்தார். அந்த வலியோடுதான் அவர் சபையை வழிநடத்தினார்.

அப்படிப்பட்டவர் நன்றியைப் பற்றி எழுதியவை வெறும் அறிவுரை அல்ல. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548ஆம் ஆண்டு ஏற்பளித்த 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், அன்றாட ஆன்மச் சோதனையின் முதல் படியாக அவர் வைத்தது பாவத்தைத் தேடுவதை அன்று; பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி சொல்வதை. 1542இல் போர்த்துகலிலிருந்த தோழர் சீமோன் ரொட்ரிகஸ் அவர்களுக்கு எழுதிய கடிதத்தில், நன்றி மறத்தலே எல்லாப் பாவங்களுக்கும் வேர் என்ற கருத்தை வலியுறுத்துகிறார். சபையின் சட்டநூலில் இன்னும் ஒரு படி மேலே சென்று, உடல்நலம் எவ்வாறு இறைவனின் கொடையோ அவ்வாறே நோயும் ஒரு கொடையே என ஏற்கும்படி நோயுற்ற துறவியருக்குக் கற்பிக்கிறார். நலமாக இருப்பவர் நோயாளியிடம் இதைச் சொன்னால் அது கொடுமையாகிவிடும். தாமே நோயாளியாயிருந்தவர் தமக்கே சொல்லிக்கொண்டதால் அது சான்றாகிறது.

அந்த நோய்ப்படுக்கையில் தொடங்கிய வழி நம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. இஞ்ஞாசியாரின் தோழர் புனித சவேரியார் 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குப் பின் அங்கே பல்லாண்டு உழைத்தவர் இயேசு சபைக் குரு என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார். தமிழைக் கற்று, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சேற்றிய அதே பெருமகன், 1586இல் புனிதர் வரலாறுகளைத் தமிழில் தொகுத்து அச்சிட்டார். அந்நூலின் பெயரும் 'புளோஸ் சாங்க்தோரும்' என்பதே; நாம் 'அடியார் வரலாறு' என்கிறோம். லொயோலாவில் படுத்துக் கிடந்தவரின் கையில் வேறு நூல் இல்லாததால் வந்து சேர்ந்த அதே வகை நூல், அறுபத்தைந்து ஆண்டுகளில் முத்துக்குளித்துறை மக்களின் தாய்மொழியில் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. இதில் மனிதத் திட்டம் எவ்வளவு, இறைத்திட்டம் எவ்வளவு என்று நாம் அளந்து சொல்லத் துணியமாட்டோம். ஆனால் வீணாய்ப் போனதாகத் தோன்றிய அந்தப் படுக்கை நாள்கள் வீணாகவில்லை என்பது மட்டும் தெளிவு.

லொயோலா வீட்டில் அவர் படுத்திருந்த அறை இன்று மனமாற்றச் சிற்றாலயமாக விளங்குகிறது. குண்டு பாய்ந்த பம்ப்ளோனாவையும், சாவினின்று மீண்ட அந்த நள்ளிரவையும் விட, ஒன்றும் நடவாததுபோல் தோன்றிய நீண்ட பகல்களே அவரை மாற்றின என்பதற்கு அவ்வறை சாட்சி.

இப்போதெல்லாம் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும்போது, "கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள்" என்று தொடங்குவதை நாம் விட்டுவிட்டோம். அருகில் அமர்ந்து, "நேற்று இரவு எப்படிப் போயிற்று? யார் கூட இருந்தார்கள்?" என்று கேட்கிறோம். பதில் மெல்ல வரும். "மகள் தூங்கவேயில்லை, சாமி" என்பார் ஒருவர். "விடியற்காலையில் கோவில் மணி கேட்டது, அதற்குப் பிறகு கொஞ்சம் கண் அயர்ந்தேன்" என்பார் இன்னொருவர். அப்போது நாம் சொல்வோம்: "அதுதான் செபம். அதையே ஆண்டவரிடம் சொல்லுங்கள்." பிறகு அப்பத்தை உயர்த்துவோம். 'நற்கருணை' என்று நாம் வழங்கும் கிரேக்கச் சொல்லுக்கு 'நன்றி கூறல்' என்பதே பொருள் என்பதை அந்தச் சிறிய அறையில் நாமும் அவரோடு சேர்ந்து கற்றுக்கொள்கிறோம்.